குகை மண்ணில் எலிப்பல் தேடுவது எப்படி: சிறு பாலூட்டிப் புதைபடிவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உங்கள் வீட்டுச் சமையலறையில் கறுப்புக் கடப்பா கல் பதித்திருந்தால் ஒன்று கவனித்திருப்பீர்கள். எலுமிச்சைச் சாறு சிந்தி, துடைக்க மறந்துவிட்டால் அந்த இடம் வெளுத்துத் தழும்பாகிவிடும். கடப்பா, கர்நூல் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைதான் அந்தக் கல். புளிப்பு பட்டால் கரையும். மேடையில் எலுமிச்சை செய்வதை மலைக்குள் மழைநீர் செய்கிறது. மண்ணிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளித்த நீர், பாறை வெடிப்புகளில் இறங்கி இறங்கிக் குகையைக் குடைந்துவிடுகிறது.

கரைகிற அதே சுண்ணாம்புதான் எலும்பைக் காப்பாற்றவும் செய்கிறது. வெளியே செம்மண்ணில் விழுந்த எலியின் எலும்பு சில மழைக்காலங்களில் மக்கிப்போகும். குகைக்குள் வெயில் இல்லை, வெப்பம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை, சுண்ணாம்பு கலந்த மண்ணில் அமிலமும் தங்குவதில்லை. அரிசிமணியை விடச் சிறிய பல்கூட ஒரு லட்சம் ஆண்டு தாக்குப்பிடிக்கும்.

இந்தியாவில் இதற்குப் பழைய முகவரி பில்லசுர்கம். ஆந்திராவில், இன்றைய நந்தியால் மாவட்டத்தில், பேதம்செர்லாவுக்கு அருகே உள்ள குகைத்தொகுதி. 1844-இல் நியூபோல்ட் என்ற ராணுவ அதிகாரி இங்கே எலும்புகள் கிடப்பதை எழுதினார். 1880களின் நடுவில், பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர் மகன் ஹென்றியும் முறையாகத் தோண்டினார்கள். ஒரு குகைக்கு அவர்கள் வைத்த பெயர் சார்னல் ஹவுஸ், அதாவது எலும்புக் கிடங்கு. கிடைத்தவற்றைத் தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் லைடெக்கர் 1886-இல் விவரித்தார். காண்டாமிருகம் பெயர் வாங்கியது. ஆனால் அந்தப் பட்டியலில் வௌவால், வெள்ளெலி, பெருச்சாளி, முயல், முள்ளம்பன்றி எல்லாம் இருந்தன. இந்தக் கட்டுரை அந்தச் சில்லறைகளைப் பற்றியது.

வழிமுறைக்குப் போகும் முன் ஒன்று. குகையில் நூறு எலித்தாடை கிடைத்தால், "அந்தக் காலத்தில் இங்கே நிறைய எலி இருந்தது" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லிவிட முடியாது. குகையில் அடைந்த ஓர் ஆந்தை நூறு எலியைப் பிடித்தது என்பதுதான் அதன் பொருள். எலியைக் கேட்கும் முன் ஆந்தையைக் கேட்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் கெடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

படி 1: குகைக்குப் போகாமல் ஓர் ஒத்திகை

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தொல்லியல் இடத்தைத் தோண்டுவது சட்டப்படி குற்றம். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குகை காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதியும் வேண்டும். ஆகவே தனியாளாகக் கடப்பாரையோடு கிளம்ப வேண்டாம். ஏதாவது பல்கலைக்கழகக் குழுவோடு சேருங்கள். அதுவரை கையைப் பழக்க ஒரு நல்ல வழி உண்டு.

ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். தசை செரித்துவிடும், முடியும் எலும்பும் செரிக்காமல் உருண்டையாகத் திரும்பக் கக்கப்படும். பழைய கட்டடத்தின் மாடம், கோயில் கோபுரத்தின் அடி, பாழடைந்த மண்டபம் என்று கூகை அடையும் இடத்தின் கீழே இவை கிடக்கும். சங்கப் பாட்டில் ஒரு தோழி, இரவில் குழறாமல் இருந்தால் சுட்ட எலி தருகிறேன் என்று கூகைக்கு லஞ்சம் பேசுகிறாள். அதன் சாப்பாட்டு ருசி அன்றைக்கே ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டைத் தொந்தரவு செய்யாமல் கீழே விழுந்ததை மட்டும் கையுறையோடு பொறுக்குங்கள். வீட்டு அடுப்பு வேண்டாம். ஆய்வகத்துச் சூடேற்றும் பெட்டியில் வைத்துக் கிருமி நீக்கிய பிறகு வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். முடி பிரிந்ததும் எலும்புகளைக் கறுப்புக் காகிதத்தில் அடுக்குங்கள். மண்டையோடு, இடது தாடை, வலது தாடை, தொடை, மேல்கை. பத்து உருண்டை பிரித்த பிறகு, குகை மண்ணில் ஒரு துணுக்கைக் கண்டால் எந்த எலும்பின் எந்த முனை என்று கை தானாகச் சொல்லும். நான் இதைச் செய்யாமல் நேரே குகை மண்ணுக்குப் போனவன். முதல் வாரம் முழுக்கப் பல்லி எலும்பை எலி எலும்பு என்று டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன்.

படி 2: குகையைப் படிப்பது

உள்ளே நுழைந்ததும் குனிய வேண்டாம், அண்ணாந்து பாருங்கள். ஆந்தை உட்காரத்தக்க விளிம்பு எங்கே? கூரையில் ஓட்டை இருக்கிறதா? ஓட்டைக்கு நேர் கீழே மண் கூம்பாகக் குவிந்திருந்தால், மேலே நடந்த விலங்குகள் தவறி விழுந்த பொறியாக அது இருந்திருக்கலாம். ஆந்தை விளிம்புக்குக் கீழே என்றால் எலும்பு ஒரே இடத்தில் செறிவாக இருக்கும். தண்ணீர் ஓடி வந்த வழி தெரிந்தால், எலும்புகள் வேறெங்கிருந்தோ அடித்து வரப்பட்டிருக்கக்கூடும்.

அப்புறம் தரையில் வளைகளைத் தேடுங்கள். இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். முள்ளம்பன்றி குகைத் தரையைத் தோண்டும், எலும்புகளை இழுத்து வந்து கொறிக்கவும் செய்யும். எலியும் வளை தோண்டி நேற்றைய எலும்பை ஒரு லட்சம் ஆண்டு அடுக்குக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். வளை மண் சுற்றியுள்ள மண்ணை விடப் பொலபொலவென்று இருக்கும், நிறமும் மாறும்.

உடம்பையும் கவனியுங்கள். உலர்ந்த வௌவால் எச்சத்தைக் கிளறினால் எழும் தூசியில் நுரையீரலைத் தாக்கும் ஒரு பூஞ்சை இருக்கலாம். நல்ல வடிகட்டி முகக்கவசம் இல்லாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

படி 3: தோண்டுவது

ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதையும் நாலாகப் பிரித்துக்கொண்டால் வசதி. ஒரே சீராக ஐந்து சென்டிமீட்டர் கீழே போவது எளிது. ஆனால் குகை அடுக்குகள் பாய் விரித்தாற்போல் கிடப்பதில்லை, சரியும், வளையும், பிதுங்கும். அடுக்கு மாறும் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் கணக்கை விட்டுவிட்டு அடுக்கின் பின்னால் போங்கள். வளை மண்ணைத் தனிப் பையில் எடுத்து, "வளை" என்று எழுதி ஒதுக்குங்கள்.

பெரிய விலங்கென்றால் எலும்பைப் பார்த்து எடுக்கலாம். சிறு பாலூட்டிக்கு அது நடக்காது. மண்ணையே முழுசாகச் சாக்கில் கட்ட வேண்டும். ஒவ்வொரு பைக்கும் இரண்டு சீட்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, இரண்டும் பென்சிலில். பேனா மை ஈரத்தில் கரைந்து போகும். குகைப் பெயர், சதுரம், அடுக்கு, ஆழம், தேதி, எத்தனை வாளி மண் எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். வாளிக் கணக்கைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால், ஓர் அடுக்கில் எலும்பு அதிகமா, அல்லது அங்கே மண்ணை அதிகம் அள்ளினோமா என்று பின்னால் பிரிக்கவே முடியாது.

படி 4: அலசுவது

மண்ணை முதலில் நிழலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரக் களிமண்ணைத் தண்ணீரில் போட்டால் சளசளவென்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த களிமண் தண்ணீர் பட்டதும் தானே உடைந்து கரையும். வெயிலில் போடாதீர்கள். சட்டென்று காய்ந்தால் பல்லின் எனாமல் உள்பகுதியை விட்டு வெடித்துக் கழன்றுவிடும்.

சல்லடை மூன்று, ஒன்றன் கீழ் ஒன்றாக: மேலே 5 மில்லிமீட்டர், நடுவில் 2, கடைசியில் 0.5. கடைசிச் சல்லடை எதற்கென்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது கேட்பார். அது அடைத்துக்கொள்ளும், நேரம் தின்னும், கை வலிக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் சுண்டெலியின் கடைவாய்ப்பல்லே இரண்டு மில்லிமீட்டருக்கு உள்ளேதான். மூஞ்சுறு, சின்ன வௌவால் பற்கள் அதையும் விடச் சிறியவை. 2 மில்லிமீட்டரோடு நிறுத்தினால் பெருச்சாளிக்கு வாக்களித்த தேர்தல் மாதிரி ஆகிவிடும்: பெரிய எலிகள் மட்டுமே வாழ்ந்த ஊர் என்று தவறான முடிவு வரும்.

சல்லடையைத் தொட்டி நீரில் பாதி அமிழ்த்தி மெதுவாக ஆட்டுங்கள். குழாயைத் திறந்து பீய்ச்சினால் மெல்லிய தாடைகள் நொறுங்கும். கரையாத கட்டிகளை மறுபடி காயவைத்து மறுபடி ஊறவைப்பதுதான் நல்ல வழி. விரலால் நசுக்க வேண்டாம். கர்நூல் பக்கத்துக் கோடையில் அலசத் தண்ணீர் கிடைப்பதே பாடு. சாக்குகளை வண்டியில் ஏற்றி ஏரிக்கோ கிணற்றடிக்கோ கொண்டுபோகும் செலவை முதலிலேயே கணக்கில் எழுதிவிடுங்கள்.

படி 5: கல்லாகிப்போன மண்ணுக்கு அமிலம்

சில இடங்களில் சுண்ணாம்பு நீர் இறங்கி மண், கல், எலும்பு எல்லாவற்றையும் ஒட்டிக் கான்கிரீட் போல ஆக்கியிருக்கும். உளியால் தட்டினால் எலும்பும் சேர்ந்து உடையும். இங்கேதான் சமையலறை எலுமிச்சைக் கணக்கு திரும்ப வருகிறது. அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அமிலம், சுண்ணாம்பை வேகமாகக் கரைக்கும். எலும்பின் பாஸ்பேட்டை மிக மெதுவாகத்தான் தொடும். அந்த வேக வித்தியாசத்தில் நாம் வேலை பார்க்கிறோம்.

பிளாஸ்டிக் தொட்டியில் 5 முதல் 7 சதவீதக் கரைசல் போதும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கொஞ்சம் கால்சியம் பாஸ்பேட் சேர்த்தால் எலும்பு அரிபடுவது குறையும். கட்டியைச் சல்லடைத் தட்டில் வைத்து அமிழ்த்தி, நுரை அடங்கியதும் வெளியே எடுங்கள். பிறகு ஓடும் நீரில், அமிலத்தில் கிடந்த நேரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் அலச வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிய உப்பு காயும்போது படிகமாகி எலும்பைப் பிளக்கும். வெளியே தலைகாட்டிய எலும்பை நன்றாக உலர்த்தி, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசினைப் பூசி, மறுபடி அமிலத்தில் வையுங்கள். ஒரு கட்டிக்கு வாரக்கணக்கில் ஆகும். காற்றோட்டம் இல்லாத அறையில் செய்யவே கூடாது.

படி 6: பொறுக்குவது

அலசிக் காய்ந்ததை ஒரு தேக்கரண்டி அளவு தட்டில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் இருவிழி நுண்ணோக்கியில் பாருங்கள். இடுக்கி வேண்டாம், பல் தெறித்து ஓடி எங்கே போனதென்றே தெரியாது. ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையை நனைத்துத் தொட்டால் பல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். எனாமல் பளபளக்கும், சுண்ணாம்புத் துகள் மங்கலாக இருக்கும். அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கண்களுக்கு இந்த வேலை சீக்கிரம் வசப்படும். எங்கள் குழுவில் மிக வேகமாகப் பொறுக்கியவர், சமையலுக்கு வந்த ஒரு அக்காதான்.

மருந்துக் கடையில் கிடைக்கும் வெற்று மாத்திரைக் கூடுகள் தனிப் பல்லை வைக்க அருமையானவை. ஒரு கூட்டில் ஒரு பல், கூட்டோடு ஒரு எண். ஈரமான இடத்தில் கூடு இளகும் என்பதால் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டுவையுங்கள்.

படி 7: தின்றது யார்?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பீட்டர் ஆண்ட்ரூஸ் இதற்கு ஒரு வழி வகுத்தார். இன்றைய ஆந்தை, பருந்து, நரி போன்றவற்றின் கக்கலையும் எச்சத்தையும் பிரித்து, எது எலும்பை எவ்வளவு சேதப்படுத்துகிறது என்று வரிசைப்படுத்தினார். 1990 முதல் இந்தத் துறை அந்த வரிசையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆந்தை வயிற்றில் அமிலம் பருந்து வயிற்றை விடக் குறைவு. கூகை தின்ற எலியின் எலும்பு ஏறக்குறைய முழுசாக வெளியே வரும். பற்களில் அரிப்பு அரிதாகத்தான் தெரியும். கொம்பன் ஆந்தை இன்னும் கொஞ்சம் சேதம் செய்யும். பகலில் வேட்டையாடும் பருந்தினத்திடம் போனால் பல் விளிம்புகளில் எனாமல் கரைந்து கீழ்ப்பகுதி தெரியும். நரியும் புனுகுப்பூனையும் மென்று தின்பவை. துண்டு துண்டாகி, முனை மழுங்கி, சோப்புக் கட்டி தேய்ந்தாற்போல் எலும்பு வரும்.

ஆகவே ஒவ்வொரு முன்பல்லின் நுனியையும், கடைவாய்ப்பல்லின் மூலைகளையும், தொடை எலும்பின் தலையையும் பாருங்கள். அரிப்பு உண்டா, இல்லையா, எவ்வளவு என்று எழுதுங்கள். நூற்றில் எத்தனை அரிபட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆள் யாரென்று முடிவு. மூட்டு கழலாமல் முழு எலும்புக்கூடாகக் கிடந்தால் யாரும் தின்னவில்லை. தன் வளையிலேயே செத்த எலி, பெரும்பாலும் பிற்காலத்து விருந்தாளி.

மனிதனையும் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். இலங்கையின் பாஹியன்கல குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் குரங்கையும் மர அணிலையும் தேடித்தேடி வேட்டையாடியிருக்கிறார்கள். 2019-இல் வந்த ஆய்வு இது. வெட்டுத்தடமும் தீப்பட்ட கறுப்பும்தான் அங்கே சாட்சி.

படி 8: எந்தப் பிராணி?

எலிக்கு உடம்பில் அடையாள அட்டை கடைவாய்ப்பல். சாதாரண எலி இனங்களுக்கு மொத்தமே 16 பல்: நான்கு முன்பல், பன்னிரண்டு கடைவாய்ப்பல், நடுவில் வெற்றிடம். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் முகடுகள் மூன்று வரிசையாக நிற்கும். சுண்டெலிக்கு அந்த முதல் பல் அடுத்ததை விட வெகு நீளம். பெருச்சாளிக்கு முகடுகள் இணைந்து குறுக்குத் தகடுகளாகிவிடும். வெள்ளெலிக்கும் தகடுதான், ஆனால் இடையே பள்ளம் தெளிவாகப் பிரிந்திருக்கும். மேல் முன்பல்லில் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடும் உண்டு.

இங்கே ஒரு பொறி. பள்ளக்கோட்டைக் கண்டதும் வெள்ளெலி என்று எழுதிவிடுவோம். புதர்களில் வாழும் கோலுண்டா எலிக்கும் அதே கோடு இருக்கிறது, இரண்டும் கர்நூல் குகைகளில் கிடைத்தவை. முன்பல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மூஞ்சுறு எலியே இல்லை. கீழ்த்தாடையின் முன்பல் ஈட்டி போல் முன்னால் நீண்டு படுத்திருக்கும். மேல் கடைவாய்ப்பல்லில் முகடு நெளிநெளியாக ஓடும். வௌவாலுக்கும் அதே நெளிவு இருக்கும், ஆனால் கோரைப்பல் பெரிது, முழங்கைப் பக்க எலும்பும் தனி வடிவம். முயலின் மேல் முன்பல்லுக்குப் பின்னால் குச்சி போல இன்னொரு சோடி ஒளிந்திருக்கும். படத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதோடு நில்லாமல் அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிடுங்கள். சென்னை சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள்.

படி 9: எண்ணுவதும் ஊகிப்பதும்

மொத்தத் துணுக்கு எத்தனை என்பது ஓர் எண். குறைந்தது எத்தனை விலங்கு என்பது இன்னோர் எண். ஒரே இனத்தின் இடது கீழ்த்தாடை ஏழு, வலது ஐந்து என்றால் குறைந்தது ஏழு விலங்கு. இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

இதன் பிறகுதான் சூழல். வெள்ளெலி மிகுந்தால் வறண்ட திறந்தவெளி, கோலுண்டா என்றால் புல்லும் புதரும், அணில் என்றால் மரம். தின்றது ஒரே வகை ஆந்தை என்று மேலும் கீழும் உள்ள அடுக்குகளில் உறுதியானால் மட்டுமே, எலி விகிதம் மாறியதை நிலம் மாறியதாகப் படிக்கலாம். ஆந்தை மாறியிருந்தால் மாறியது அதன் ருசி மட்டும்தான்.

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில், குள்ள மனித இனம் கிடைத்த லியாங் புவா குகையில் எலி எலும்புகள்தான் மிகப் பெரும்பான்மை. ஏறத்தாழ 10,000 எலும்புகளை உடல் அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் திறந்த புல்வெளிக்குரிய நடுத்தர எலிகள் குறைந்து, மரம் அடர்ந்த இடத்தை விரும்பும் சின்ன எலிகள் கூடியது தெரிந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அந்தக் குள்ள மனிதர்களும் குகையில் காணாமல் போகிறார்கள்.

படி 10: வயது

ரேடியோகார்பன் முறை சுமார் 50,000 ஆண்டு வரைதான் எட்டும். நம் வெப்பத்தில் எலும்பின் புரதம் அதற்கு முன்பே அழிந்து விடுவதால் பல சமயம் அதுவும் கைகொடுக்காது. அடுக்கின் மேல் சுண்ணாம்புப் படலம் படிந்திருந்தால் யுரேனியம்-தோரியம் முறையில் படலத்தின் வயது கிடைக்கும். அதற்குக் கீழே கிடப்பது அதை விடப் பழையது. மணல் துகள் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்று அளக்கும் ஒளிர்வு முறையும் உண்டு. அதற்கான மாதிரியை இருட்டில், இரும்புக் குழாயை அறைந்து எடுக்க வேண்டும். ஒரு நொடி டார்ச் அடித்தாலும் மாதிரி பாழ்.

ஐரோப்பாவில் எலிப்பல்லே கடிகாரம். ஸ்பெயினின் அதாபுயெர்காவில், கிரான் தொலினா குகையில் 1994-இல் மனித எலும்பு கிடைத்தது. கூடவே இருந்த மிமோமிஸ் சாவினி என்ற அழிந்துபோன நீரெலியின் வேருள்ள பற்கள், அடுக்கு 5 லட்சம் ஆண்டுக்கும் பழையது என்று காட்டின. அந்த வகை நீரெலி தென்னிந்தியச் சமவெளியில் இல்லாததால் இந்தக் கடிகாரம் நமக்கு ஓடாது.

படி 11: மிச்சம் வைப்பது

எல்லாம் முடிந்த பிறகு சீட்டு, குறிப்பேடு, புகைப்படம், பற்கள் எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும். ஆளுக்கு ஒரு டப்பா என்று வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பை மண்ணை அலசாமலேயே வையுங்கள். கர்நூலின் இன்னொரு குகையான முச்சட்லா சிந்தமானு கவியைத் தொல்லியலாளர் எம். எல். கே. மூர்த்தி 1970களில் தோண்டினார். அந்தக் குகையின் முதுகெலும்பிகளைப் பற்றிக் கூடுதல் விவரங்கள் 2008-இல்தான் வெளிவந்தன. பத்திரப்படுத்தியவர்களுக்கு அவசரம் இல்லை.

குகையிலும் ஒரு பகுதியைத் தோண்டாமல் விடுங்கள். ஃபூட் காலத்துக்கும் நமக்கும் நடுவே ஒளிர்வு முறை வந்தது, யுரேனிய முறை வந்தது. பில்லசுர்கத்துக்கு மறுபடி போனவர்கள், அங்கே மிஞ்சிக் கிடந்த அடுக்குகளை அளந்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். அடையாளம் கண்ட 21 பாலூட்டி வகைகளில் 20 வகைகள் குறைந்தது ஒரு லட்சம் ஆண்டாக, சில இரண்டு லட்சம் ஆண்டாக, இந்தத் துணைக்கண்டத்தில் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன.